மூன்று சாமானுக்கு மட்டும் காசு: வன்னியில் ஒரு கலப்பு ஊடகக் கொப்பி தொடங்குவது

நிறம், ஒட்டிய கடதாசி, துணித்துண்டு, கையெழுத்து எல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கடுக்காக வருவதுதான் கலப்பு ஊடகம். அதையே நாளாந்தக் குறிப்போடு ஒரு கொப்பிக்குள் செய்தால் ஜேர்னல். தொடங்க நினைப்பவர்கள் இணையத்தில் காட்டும் பெட்டி பெட்டியான சாமானைப் பார்த்துவிட்டு, கொழும்பிலிருந்து எடுப்பிக்கவேண்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். தேவையில்லை. கொப்பியையும் ஒரு பிறஸ்ஸையும் விட்டால், காசு கொடுத்து வாங்கவேண்டியவை மூன்றுதான்: நல்ல பசை, வெள்ளை, தண்ணீரில் கரையாத கறுப்பு. கிளிநொச்சியோ புதுக்குடியிருப்போ, ஒரு ஹாட்வெயார் கடையும் ஒரு புத்தகக்கடையும் இருக்கிற சந்தியில் மூன்றும் அகப்படும். மற்றவை வீட்டிலும் வளவிலும் தையல்கடைக் குப்பைக்கூடையிலும் கிடக்கின்றன. அந்த மூன்றில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். பசை உரிந்தால் அதற்கு மேலே செய்த ஒன்றும் மிஞ்சாது.

கொப்பியைத் தயார் செய்தல்

பள்ளிச் சித்திரக் கொப்பி கண்ணுக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் தாள் பஞ்சு மாதிரி, நடுவில் இரண்டு கம்பி. ஈரம் பட்டால் உரியும், கம்பி துருப்பிடித்துப் பக்கத்தில் கறை விழும். தடித்த மட்டை போட்ட 120 பக்க சீ.ஆர். கொப்பியே நல்லது. வாங்கும்போது நடுவே விரித்துப் பாருங்கள். மடிப்பில் நூல் தெரிந்தால் எடுக்கலாம். நூல் இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டியதென்றால் பங்குனி, சித்திரை வெக்கையில் தாள்கள் கழன்று கையோடு வரும்.

சீ.ஆர். தாள் மெல்லியது, கோடும் போட்டிருக்கும். கோடு பிரச்சினை இல்லை, வெள்ளைக்குள் மறைந்துவிடும். மெலிவுக்குத்தான் வேலை செய்யவேண்டும். 3 தாளை ஒரு கூட்டமாக எடுங்கள். ஒன்றை அடிமட்டம் வைத்து, தையல் பக்கம் 1.5 சென்ரிமீற்றர் விளிம்பு விட்டுக் கிழியுங்கள். மற்ற இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டுங்கள். 60 தாள் உள்ள கொப்பியில் இப்படி 20 தடித்த தாள் வரும். அதாவது வேலை செய்ய 40 பக்கம்.

அந்த விளிம்பை ஏன் விடவேண்டும்? தைத்த கொப்பியில் ஒவ்வொரு தாளும் மடிப்புக்கு மற்றப் பக்கத்தில் இன்னொரு தாளாகத் தொடர்கிறது. ஒன்றை அடியோடு பிடுங்கினால் அதன் சோடி இரண்டு கிழமையில் விழும். கிழிப்பதற்கும் காரணம் உண்டு. பின்னால் துணியும் அட்டையும் ஒட்டும்போது கொப்பி தடிக்கும். முதுகில் இடம் விடாவிட்டால் முதலை வாய் மாதிரிப் பிளந்து நிற்கும், மூடாது.

ஒட்டும்போது பசையை நடுவில் விட்டு வெளிப்பக்கமாக இழுங்கள். சிம் காட் கழற்றிய பிளாஸ்ரிக் அட்டை இதற்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. ஒட்டிய தாளின் இரண்டு பக்கமும் சோறு சுற்றுகிற லஞ்ச் சீற் வைத்து, கொப்பியை மூடி, மேலே இரண்டு செங்கல். ஓர் இரவு விடவேண்டும். லஞ்ச் சீற்றில் இந்தப் பசை பிடிக்காது, காலையில் சுகமாக உரிந்து வரும். ஒரு நாளைக்கு 5 தாளுக்கு மேல் ஒட்டவேண்டாம். முழுக் கொப்பியும் ஒரேயடியாக ஈரமானால் நடுத்தாள்கள் காயாமல் பூஞ்சணம் பிடிக்கும். அவசரக்காரர்கள் வெயிலில் காயவைப்பார்கள். வெயில் பட்ட பக்கம் முதலில் சுருங்கி, தாள் அப்பளமாக வளையும். நிழலும் பாரமும்தான் தாளை நேராக வைக்கும்.

பசை

ஹாட்வெயார் கடையில் ‘பைண்டர் கம்’ என்று கேளுங்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்து, காய்ந்தால் கண்ணாடியாகிற பீ.வீ.ஏ. பசை. தச்சு வேலைக்கு விற்பதும் இதே இனம்தான். புத்தகக்கடைச் சிறு போத்தலைவிட ஹாட்வெயார் போத்தல் அளவுக்கு மலிவு.

நல்லதா என்று பார்க்க ஒரு சொட்டை பொலித்தீனில் தடவிக் காயவிடுங்கள். காய்ந்தபின் தோல் மாதிரி முழுதாக உரிந்து, மடித்தாலும் வெடிக்காமல் இருந்தால் நல்ல பசை. பொரிந்து உதிர்ந்தால் தண்ணீர் கலந்தது, அல்லது பழசு. புளித்த மணம் வந்தாலும் வேண்டாம்.

அளவு இதுதான். கடதாசி ஒட்ட 3 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர். மேலே பூச 1:1. துணி, மட்டை, ஓலைக்குத் தண்ணீரே விடாதீர்கள். கண்ணாடி மாதிரித் தெளிந்த ‘கம் போத்தல்’ பசை மறுபடி ஈரம் பட்டால் கரையும். கடித உறைக்கு அது போதும், இதற்கு ஆகாது. குச்சிப் பசை பற்றுச்சீட்டு ஒட்ட மட்டும்.

கோதுமை மாப் பசை செலவில்லாதது: 1 மேசைக்கரண்டி மாவை 5 மேசைக்கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, இளஞ்சூட்டில் கிண்டி, நிறம் மங்கித் தெளிகிற நேரம் இறக்கவேண்டும். நோட்டீஸ் ஒட்ட நல்லது. வைத்துப் பார்க்கப்போகிற கொப்பிக்கு வேண்டாம். கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு பரிமாறின மாதிரி.

வெள்ளைப் பூச்சு

ஓவியக்கடைகளில் ஜெஸ்ஸோ என்று விற்பதன் வேலை இரண்டு. தாள் தண்ணீரை உறிஞ்சாமல் தடுக்கும், நிறத்துக்குப் பிடிமானம் கொடுக்கும். அதை வீட்டிலேயே கலக்கலாம்.

வெள்ளை எமல்ஷன் பெயின்ற், மினுங்காத வகை, 2 மேசைக்கரண்டி. பைண்டர் கம் 1. சலித்த வெண்கட்டித் தூள் 2. தண்ணீர் 1. வெண்கட்டியைப் பொடித்து, பழைய வேட்டித்துணியில் கட்டித் தட்டினால் மா மாதிரித் தூள் விழும். தூளையும் தண்ணீரையும் முதலில் குழைத்து, பசையை விட்டு, கடைசியில் பெயின்ற். மாறிச் செய்தால் கட்டி கட்டியாக நிற்கும். பதம் தோசை மா: கரண்டியைச் சரித்தால் நூலாக இல்லாமல் நாடாவாக விழவேண்டும். மூடி இறுகின ஜாம் போத்தலில் 2 கிழமை இருக்கும்.

எமல்ஷனுக்கு முழு ரின் வாங்கவும் தேவையில்லை. தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பவர்களிடம் ரின் அடியில் மிச்சம் இருக்கும், ஒரு தேநீர்க் கோப்பை போதும். இரண்டைத் தவிருங்கள். எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயின்றின் மேல் தண்ணீர் நிறம் பிடிக்காது. சுண்ணாம்பு கையைத் தின்னும், பல நிறங்களையும் கெடுக்கும். வெண்கட்டித் தூளுக்குப் பதில் பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸ் போட்டால் கிண்டிக்கொண்டிருக்கும்போதே போத்தலுக்குள் கல்லாகும்.

பூசுவது இரண்டு மெல்லிய கை. முதலாவது நெடுக்காக, காய்ந்தபின் இரண்டாவது குறுக்காக. கோடையில் அரை மணித்தியாலம் இடைவெளி போதும், மாரியில் 3 மணித்தியாலமும் ஆகலாம்.

காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி வந்தால் பசை குறைவு, 1:1 பசைத் தண்ணீரை ஒருமுறை மேலே தடவினால் சரியாகும். பென்சில் வழுக்கிக் கோடே விழாவிட்டால் பசை கூடிவிட்டது, நுண்ணிய மண்தாளால் (சாண்ட் பேப்பர்) மெல்ல உரசுங்கள். குளத்து அடி மாதிரி வெடித்தால் தூள் கூடிவிட்டது, அல்லது ஒரேயடியாகத் தடிப்பாக அப்பிவிட்டீர்கள். உரித்துவிட்டு மறுபடி பூசுவதே வழி. வெடித்த கோலம் பிடித்திருந்தால் விடலாம், ஆனால் அதன் மேல் பேனை ஓடாது.

தூரிகை, ஹாட்வெயார் கடை அரை அங்குலப் பிறஸ். புதிதில் மயிர் கொட்டும். மாஸ்கிங் ரேப்பின் ஒட்டும் பக்கத்தில் பத்துத் தடவை இழுத்தால் கொட்டவேண்டியது அதில் ஒட்டிவிடும். வேலை முடிந்த உடனே கழுவுங்கள். இந்த வெக்கையில் பத்து நிமிடம் மறந்தால் பிறஸ் விறகு.

கறுப்பு

நிலைத்து நிற்கும் கறுப்பு மார்க்கர் ஒன்று, மெல்லிய முனை. கடையிலேயே சோதிக்கலாம்: கோடு போட்டு, பத்து நிமிடம் விட்டு, ஈர விரலால் தேயுங்கள். பரவினால் வேண்டாம். ஜெல் பேனை பெயின்ற் மேல் அழகாக எழுதும், பிறகு மேல்பூச்சோடு கலைந்து போகும். பூச்சு ஈரமாக இருக்கும்போது மார்க்கரால் எழுதாதீர்கள், முனை அடைத்துக்கொண்டால் மார்க்கர் முடிந்தது. வெள்ளை எழுத்துக்குத் திருத்தப் பேனை.

மையை நீங்களே காய்ச்சவும் முடியும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, 6 காயை உடைத்து, கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் 250 மில்லிலீற்றர் தண்ணீரில் பாதியாகும்வரை காய்ச்சி வடியுங்கள். துருப்பிடித்த ஆணி பத்தை அதில் போட்டு 3 நாள் விடுங்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கும். எழுதும்போது சாம்பலாகத் தெரியும், காற்றுப்பட்டு நாள் போகப் போகக் கருமையாகும். புளிப்புள்ள மை என்பதால் வெறும் தாளை வருடக்கணக்கில் அரிக்கும். வெள்ளை பூசிய பக்கத்தில் மட்டும் பாவியுங்கள். ஈர்க்கைச் சாய்வாகச் சீவினால் பேனை தயார்.

மண்ணிலிருந்து நிறம்

போஸ்டர் கலர் வாங்கலாம். காய்ந்த பிறகும் ஈரத்தில் கரைவதுதான் அதன் குறை. எடுத்த நிறத்தோடு அதே அளவு பைண்டர் கம் கலந்துவிட்டால் கரையாது. கலந்ததை அன்றைக்கே முடித்துவிடவேண்டும். சிரட்டையில் கலவுங்கள், காய்ந்தால் கவலையில்லை.

ஆனால் வன்னியில் இருந்துகொண்டு காவி நிறத்துக்குக் காசு கொடுப்பது அநியாயம். செம்மண்ணின் சிவப்பு இரும்பு. வெயிலில் மங்காத நிறங்களில் அது முன்வரிசை. வீட்டுக் கிணறு வெட்டின மண், அத்திவாரம் தோண்டின மண் போதும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற காணிக்குள்ளும், துப்புரவு செய்ததென்று தெரியாத காட்டுக்கரையிலும் மண்ணுக்காகக் கால் வைக்காதீர்கள். புற்றுமண் இன்னும் நுண்மையானது. சிலதில் பாம்பு இருக்கும், சிலதில் விளக்கு எரியும். இரண்டையும் விட்டுவிட்டு, இடிந்துபோன புற்றாகப் பாருங்கள்.

ஒரு கைப்பிடி மண்ணை ஜாம் போத்தலில் போட்டு, முக்கால் தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்குங்கள். 30 எண்ணும்வரை வையுங்கள். மணல் அடியில் விழுந்துவிடும். மேலே மிதக்கும் கலங்கல் தண்ணீரை மட்டும் இன்னொரு போத்தலில் ஊற்றி, அடி மணலை எறியுங்கள். இதை இரண்டு தரம் செய்து, கலங்கலை ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் மேலே தெளிந்த தண்ணீர், கீழே பாலாடை மாதிரிச் சேறு. தண்ணீரை வடித்து, சேற்றைத் தட்டில் காயவைத்து அரைத்தால் நிறத்தூள். பல்லில் ஒரு துளி வைத்தால் நறநறக்கக் கூடாது என்பது பழைய சோதனை. இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பது சுகாதாரமானது.

இதைப் பிடிக்கவைக்க பைண்டர் கம் போதும். நீர்வண்ணம் மாதிரி மெல்லியதாக வேண்டுமென்றால் விளாம் பிசின். நம் நாட்டுப் பழைய விகாரை ஓவியர்களும் நிறத்துக்குப் பிடிமானமாகப் பாவித்தது அதைத்தான். 1 பங்கு பிசினை 2 பங்கு தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, தேன் இரண்டு சொட்டும் ஒரு கிராம்பும் போடுங்கள். தேன் இல்லாவிட்டால் காய்ந்த நிறம் வெடித்து உதிரும். கிராம்பு பூஞ்சணத்தைத் தள்ளிப்போடும்.

நீலத்துக்கு, வெள்ளை உடுப்புக்குப் போடும் தூள் நீலம். எல்லாம் ஒரே சாமான் இல்லை. ஒரு சிட்டிகையில் தேசிக்காய்ப் புளி ஒரு சொட்டு விடுங்கள். நிறம் செத்து வெளிறினால் அது அல்ட்ராமரின் நிறமி. புளியில்தான் அது சாகும், வெளிச்சத்தில் நிற்கும், அதனால் நமக்கு வேண்டியது அதுதான். கடுக்காய் மையோடு மட்டும் சேர்க்காதீர்கள். மஞ்சள்தூள் ஆசைகாட்டி மோசம் செய்கிற நிறம்: வெயிலில் மங்கும், சவர்க்காரம் பட்டால் சிவக்கும். தேயிலைச் சாயம் பழைய கடதாசித் தோற்றத்துக்கு நல்லது. 2 தேக்கரண்டித் தேயிலை, அரைக் கோப்பை கொதிநீர், சீனி வேண்டாம். எறும்பு வரும்.

ஒட்டுவதற்கு

நாட்காட்டித் தாள், பஸ் ரிக்கற், திருவிழா நோட்டீஸ், கலியாணக் காட், பழைய கொப்பியுறை, தையல்கடைச் சேலைக்கரை, யூரியாப் பைப் பின்னல். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் நோட்டீஸ் தேடி அலையவேண்டியதில்லை. பத்திரிகைத் தாள் மஞ்சளாகும், அதை அடி அடுக்காக மட்டும் வையுங்கள். முப்பத்தொராம் நாள் நினைவு மலர்களை வெட்டுமுன் அந்த வீட்டாரைக் கேளுங்கள்.

கடல் மணலைப் பசையோடு கலந்து சொரசொரப்புக்குப் பூசலாம். முல்லைத்தீவுக் கரையிலிருந்து எடுத்தால் நல்ல தண்ணீரில் 3 தரம் அலசிக் காயவையுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பசை இறுகாது, வெள்ளை பூக்கும். பனையோலை ஒட்ட, அதன் மினுக்கத்தை மண்தாளால் உரசி எடுத்தபிறகே பசை பிடிக்கும்.

குடும்பப் படங்கள் தனிக்கதை. இடப்பெயர்வில் அல்பம் தொலைந்து ஒற்றைப் படம் மிஞ்சிய வீடுகள் இங்கே ஏராளம். மூலப்படத்தில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள், போட்டோக்கொப்பி எடுங்கள். தூள் மை மெஷினில் எடுத்த கொப்பி தண்ணீரில் கலையாது. திரவ மை பிறின்ரர் கொப்பி கலையும். ஈர விரல் சோதனை இதற்கும் பொருந்தும்.

அந்தத் தூள் மைக் கொப்பியைப் பக்கத்துக்குள்ளேயே இறக்கவும் முடியும். வெள்ளை பூசிக் காய்ந்த பக்கத்தில் தண்ணீர் விடாத பசையை மெல்லியதாகத் தடவுங்கள். படத்தைக் குப்புற வைத்து சிம் அட்டையால் காற்றுக்குமிழை வெளியே தள்ளுங்கள். 12 மணித்தியாலம் தொடவேண்டாம். பிறகு ஈரப் பஞ்சால் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உருண்டு வரும், மை பசையிலேயே தங்கும். காய்ந்ததும் வெள்ளைப் படலம் மறுபடி தெரியும். மீண்டும் நனைத்துத் தேயுங்கள். மூன்று தடவையில் முகம் தெளியும். ஒரே தடவையில் தெளியவைக்க அமத்தினால் மூக்கும் சேர்ந்து வந்துவிடும். படம் இடம் வலம் மாறி விழும், எழுத்து இருந்தால் கடையிலேயே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

அச்சுக்கு, தேய்ந்த பாட்டாச் செருப்பின் குதியில் பிளேட்டால் வெட்டிய கோலம். குறுக்கே வெட்டிய வெண்டிக்காயும் நல்ல பூ அச்சு, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பாவியுங்கள். ஸ்ரென்சிலுக்குப் பழைய எக்ஸ்றே பிலிம். நிறத்தை மெத்தைப் பஞ்சில் தொட்டு, பழைய பேப்பரில் முக்கால்வாசியைத் தட்டிவிட்டு ஒற்றவேண்டும். விளிம்புக்கு அடியில் நிறம் ஓடினால் பஞ்சில் ஈரம் அதிகம். பெரும்பாலும் அதுதான் காரணம்.

முதல் பக்கம்

1. வெள்ளை இரண்டு கை, காயவிடுங்கள்.
2. கையால் கிழித்த 3 அல்லது 4 கடதாசித் துண்டு. கத்தரிக்கோல் விளிம்பு எடுத்துக்காட்டும், கிழித்த விளிம்பு அடங்கும். பசையைத் துண்டின் பின்னாலும் பக்கத்திலும் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் தடவினால் சுருக்கு விழும்.
3. காய்ந்ததும் தண்ணீர் கூடிய வெள்ளையை அங்கங்கே இழுத்து, துணியால் ஒற்றி எடுங்கள். துண்டுகள் பின்னுக்குப் போகும்.
4. மண் நிறம் ஒரு கை. ஒரு மூலையில் மட்டும் அச்சு. எல்லா மூலையிலும் போட ஆசை வரும், வேண்டாம்.
5. எழுத்து கடைசி. அன்றைய திகதி, மழை பெய்ததா, நெல் என்ன விலை போனது, இவ்வளவு போதும்.

வெக்கை, மாரி, கறையான்

பசையும் எமல்ஷனும் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். தகரக்கூரைக்குக் கீழே மூடி வைத்த கொப்பியில் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் இரண்டும் போச்சு. முடித்த பக்கத்தில் வெள்ளை மெழுகுதிரியை லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு, பக்கங்களுக்கிடையில் ஒரு ஒயில் பேப்பர் வையுங்கள். மெழுகுக்கு மேல் இனி எதுவும் பிடிக்காது என்பதால் எல்லாம் முடிந்தபிறகே தேய்க்கவேண்டும். ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், கொப்பியைக் குளிர்ந்த இடத்தில் வைத்து, பிளாஸ்ரிக் அட்டையைச் சொருகி மெல்லப் பிரியுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பசை தடவி முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். உள்ளங்கை அளவு இடமாகத் தடவி ஒட்டுங்கள், காலை 9 மணிக்கு முன் அல்லது பொழுதுபட்ட பின். மாரியில் நேர்மாறு. வெளியே காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே ஈரம். பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை.

வைப்பதற்கு மூடி இறுகின பிஸ்கற் ரின், அடியில் காய்ந்த வேப்பிலை. பனையோலைப் பெட்டி சாமான் வைக்க அழகு, கொப்பி வைக்கவேண்டாம். ஈரமும் பூச்சியும் புகும். ரின்னை மண் தரையிலோ சுவரோரத்திலோ வைக்காமல், நான்கு காலும் தெரிகிற மேசையில் வையுங்கள். கறையான் வந்தால் காலில் மண்கோடு முதலில் தெரியும். மாதம் ஒருமுறை கொப்பியை விரித்து நிழலில் அரை மணித்தியாலம் காற்றுப்பட விடுங்கள், வேப்பிலையையும் மாற்றுங்கள்.